வெர்னெல் வீட்டு ஃப்ரீசர்

மிஸ் வெர்னெலை ஜூலையில் புதைத்தோம். புயல் வந்தது செப்டம்பரில். அதுவரைக்கும் அந்த வீட்டுப் பின்தாழ்வாரத்து ஃப்ரீசரை ஒருத்தரும் திறக்கவில்லை. திறக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. அவள் மகன் டோய்ல் அதன் மூடிமேல் நண்டுக்கூடுகளை அடுக்கி, அதற்கும் மேலே ஒரு பழைய நங்கூரத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

எனக்கு எதிர்வீடு. ஓடைக்கரையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். வாசலில் நின்றால் வெர்னெல் வீட்டு முன்பக்கம் முழுக்கத் தெரியும். இறால் பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் படகுத்துறைக்கு இறங்க வேண்டும். ஒருத்தரும் அவளிடம் ஒரு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இறங்கியது கிடையாது.

"என்ன வே டெல்மர், அந்த எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கியா, கருமாதி பண்ணுதியா?" என்று என்னைக் கேட்பாள். நான் திருப்பி ஏதாவது சொல்வதற்குள் வேறொருவன் மாட்டியிருப்பான்.

சனிக்கிழமை என்றால் சிவப்பு உடையும் வெள்ளைச் செருப்பும் போட்டுக்கொண்டு மீனவர் மன்றத்துக்கு ஆடப் போவாள். புருஷன் அல்சீட் இருந்தவரைக்கும் அவரோடு ஆடினாள். அவர் போன பிறகு கிடைத்தவர்களோடெல்லாம் ஆடினாள். பாட்டுக்காரர்கள் களைத்துப்போய்க் கருவியைப் பெட்டியில் வைத்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். திருவிழா ஊர்வலத்தில் லாரிமேல் நின்று கூட்டத்துக்கு இனிப்புப் பொட்டலம் வீசுவாள். ஒரு வருஷம் அவள் வீசியது வங்கி மேனேஜரின் தொப்பியைத் தட்டிவிட்டுவிட்டது. அவர் குனிந்து தொப்பியை எடுக்கும்போது இன்னொன்று வந்து முதுகில் விழுந்தது. முதலாவது கை தவறியது என்றும் இரண்டாவது பிரியத்தில் போட்டது என்றும் சொன்னாள்.

தெற்கத்திக்காரி என்பதில் அவளுக்கிருந்த பெருமைக்கு அளவில்லை. கல்யாணமான கிழவியையும் 'மிஸ்' என்று கூப்பிடுகிற எங்கள் பக்கத்து மரியாதையைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். மிசிசிப்பிக் கடற்கரையில் பிறந்தவள். அவளைப் பெற்றவளும் அங்கேதான், அவளைப் பெற்றவளும் அங்கேதான். மாநிலத் தலைநகர் ஜாக்சனைத் தாண்டினாலே அவள் கணக்கில் வடக்கு வந்துவிடும். ஆனால் உள்நாட்டுப் போர்க்காலத்துத் தெற்குக் கொடியைப் பிடிக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஒருமுறை யாரோ ஒருவன் வண்டி நிறையக் கொடி கட்டிக்கொண்டு தெருவில் போனபோது, "கொடியெல்லாம் ஆம்பளைங்க விளையாட்டு. தெக்குன்னா சட்டியில இருக்கு. இவன் ஒருநாளாவது வெண்டைக்கா நறுக்கியிருப்பானா, கேளு" என்று சத்தமாகவே சொன்னாள்.

அப்படிப்பட்டவளுக்கு மருமகளாக வந்தவள் மினசோட்டாக்காரி. டோய்ல் இளவயதில் ஒரு வருஷம் வடக்கே பெரிய ஏரிகளில் சரக்குக் கப்பல் வேலைக்குப் போனான். திரும்பி வரும்போது கிர்ஸ்டன் கூட வந்தாள். உயரமான பெண், வெளுத்த புருவம், பேச்சு குறைவு. வெர்னெல் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம், "ஏல, குளிர் நாட்டுக்குப் போறியே, ஒரு கம்பளி வாங்கிட்டு வருவேன்னுல்லா நெனச்சேன்!" என்றாள். பிறகு அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொண்டு உள்ளே இழுத்துப் போனாள்.

அன்று சாயங்காலம் கிர்ஸ்டன் எல்லோருக்கும் ஐஸ் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. வெர்னெல் ஒரு வாய் குடித்தாள். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்த டீ உனக்கு என்ன பிள்ள குத்தம் செஞ்சது? இப்படித் தண்டிச்சிருக்கியே!"

அன்றிலிருந்து கிர்ஸ்டனுக்கு 'வடக்கத்தி' என்று பேர். "ஏ வடக்கத்தி, அந்தக் கத்தியை எடு." "வடக்கத்தி, மழை வருது பாரு, துணியை எடு, உங்க ஊர்ல மாதிரி ஐஸா விழாது, நனைஞ்சிரும்." அல்சீட் போனபிறகு டோய்லும் கிர்ஸ்டனும் அந்த வீட்டுக்கே குடி வந்துவிட்டார்கள். மாமியாரும் மருமகளும் பின்தாழ்வாரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். ஒருத்தி ஓயாமல் பேசுவாள். இன்னொருத்தி உரித்துக்கொண்டே இருப்பாள், எப்போதாவது தலையைத் தூக்காமல் ஒரு வரி சொல்வாள். அதற்கு வெர்னெல் சிரிக்கிற சிரிப்பு என் கொட்டகைக்குக் கேட்கும்.

மகள் ட்வைலாவுக்குத்தான் இதில் கொஞ்சம் புகைச்சல். அடுத்த தெருவில் வீடு, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. "பெத்த மகளுக்கு ஒரு பட்டப்பேரு கூட வைக்கல. வந்தவளுக்கு மட்டும் வச்சிருக்கா" என்று என்னிடமே பலதரம் சொல்லியிருக்கிறாள். அவளும் கிர்ஸ்டனும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஒருத்தி செய்த பதார்த்தத்தை இன்னொருத்தி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் இல்லை.

வெர்னெலின் முடிவு சட்டென்று வந்தது. மீன் வறுவல் விருந்து ஒன்றில் ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வடக்கே பாஸ்டன் பக்கத்து டாக்டர் ஒருவர், எங்கே வலிக்கிறது என்று கேட்டாராம். "தலையிலதான் டாக்டரே. என் உடம்புல வடக்க இருக்கிறது அது ஒண்ணுதான். எப்பவும் அதுதான் தொந்தரவு" என்றிருக்கிறாள். டாக்டர் சிரித்ததைப் பார்த்து நர்சுகளும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் போய்விட்டாள். எண்பத்துநான்கு வயது.

சாவுக்கு வந்தவர்கள் அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். டோய்ல் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. விடியுமுன் படகில் போவான், வருவான், இறாலைத் துறையில் எடைபோட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பின்தாழ்வாரத்தில் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே வெர்னெல் ஜூன் கடைசியில் வைத்த கம்போ இருந்தது. கொழுப்பில் மாவைப் போட்டுக் கருஞ்சிவப்பாகும்வரை கைவிடாமல் கிளறி, அதில் நண்டு, இறால், வெண்டைக்காய் எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைக்கிற குழம்பு அது. பெரிய சட்டி நிறைய வைத்து, ஆறவைத்து, டப்பா டப்பாவாக அடைத்து வைத்திருந்தாள். அவள் கையால் செய்தது இனி உலகத்தில் அது ஒன்றுதான்.

ட்வைலா ஆகஸ்டில் வந்து ஒரு டப்பா கேட்டாள். அவள் பிறந்தநாள். டோய்ல் முடியாது என்றான்.

"ஒரே ஒரு டப்பாண்ணே."

"இன்னைக்கு ஒண்ணு எடுத்தா நாளைக்கு ஒண்ணு எடுக்கணும்."

"எடுக்கத்தானே வச்சிருக்கா?"

"தீந்துபோச்சுன்னா?"

ட்வைலா முன்கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனாள். அன்றுதான் நண்டுக்கூடும் நங்கூரமும் மூடிமேல் ஏறின.

பிறகு புயல். ராத்திரி முழுக்க அடித்துவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வடமேற்கே நகர்ந்துபோனது. ஓடை ஏறி வந்து என் கொட்டகைக்குள் முழங்கால் அளவு நின்றது. படகுத்துறைப் பலகைகளில் பாதியைக் காணோம். முன்கூட்டியே ஆற்றில் கடலைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோய்க் கட்டியிருந்ததால் படகுகள் தப்பின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைன் மரங்கள் வரிசையாக மின்கம்பிகள்மேல் சாய்ந்து கிடந்தன. கரண்டு எப்போது வரும் என்று யாரும் கேட்கவே இல்லை. மரங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

புயலுக்குப் பிறகு வரும் வெயில் எங்கள் பக்கத்தில் தனி ரகம். காற்று ஒரு இலையை அசைக்காது. எங்கும் சேற்று நாற்றம், உடைந்த பைன் மரத்தின் பிசின் வாசனை. அந்த நேரத்தில் கடற்கரை ஊர்களில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வீட்டில் உறைய வைத்ததெல்லாம் கெட்டுப்போகுமுன் வெளியே எடுத்து, அடுப்பு மூட்டி, சமைத்து, யார் வந்தாலும் போட வேண்டியது. என்னிடமிருந்த மான்கறியை நான் சுட்டேன். பக்கத்து வீட்டு துவான் கணவாயும் மீனும் சுட்டார். வியட்நாமிலிருந்து சின்ன வயதில் வந்து எங்கள் ஓடையிலேயே படகு கட்டி, இப்போது பேரன் எடுத்துவிட்ட மனிதர். தெருவில் கல்யாண வீட்டு வாசனை.

டோய்ல் வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு வயர், பின்தாழ்வாரத்துக்கு. கிர்ஸ்டனுக்கு ஒரு மின்விசிறி கூடக் கிடையாது. சமையலறையில் இருந்த குளிர்பெட்டியில் எல்லாம் கெட்டுப்போய்க் கொட்டிவிட்டாள். டோய்ல் முதலில் புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி ஊற்றினான். அடுத்து வண்டியிலிருந்து. அடுத்து காலி டப்பாவோடு என் வாசலில் நின்றான்.

"டெல்மர், உங்கிட்ட ஏதாவது கெடக்கா?"

"எஞ்சினுக்குப் போடுற எண்ணெய் கலந்ததுதான் கெடக்கு. அதை ஊத்தாத வே, மிஷின் போயிரும்."

"ஊத்திப் பாக்கேன்."

ஊற்றினான். அன்று மதியமே புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கூப்பிட்டு அனுப்பினான். போய்க் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வளையம் உடைந்து உருளையையே கீறியிருந்தது.

"சரியாயிருமா?"

"புதுச் சாமான் வேணும். எந்தக் கடை திறந்திருக்கு இப்ப?"

"படகு எஞ்சின்ல இருந்து ஏதாவது எடுத்துப் போட முடியாதா?"

"சேராது டோய்ல்."

அவன் ஃப்ரீசர் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான், ஜுரம் பார்க்கிற மாதிரி. "இன்னும் குளுமையாத்தான் இருக்கு" என்றான். "திறக்காம வச்சா ரெண்டு நாள் தாங்கும்."

கிர்ஸ்டன் சமையலறை வாசலில் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே வந்தாள். நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். நண்டுக்கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே புல்லில் வீசினாள்.

"என்ன பண்ணுத?" என்றான் டோய்ல்.

"சமைக்கப் போறேன்."

"கைய எடு கிர்ஸ்டன்."

"தண்ணி கசிய ஆரம்பிச்சாச்சு, கீழ பாரு. நாளைக்கு நாறிடும். நாறினா குழி தோண்டிப் புதைக்கணும். ஒரு தடவை புதைச்சது போதாதா?"

அந்த நேரம் ட்வைலா பக்கவாட்டு வழியாக உள்ளே வந்தாள். கையில் ஒரு பெட்டி ஐஸ். எங்கேயோ வரிசையில் நின்று வாங்கி, அண்ணனுக்காகத்தான் தூக்கி வந்திருக்கிறாள். பேச்சைக் கேட்டு அப்படியே நின்றாள்.

டோய்லின் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு கோபமாக நான் அவனைப் பார்த்ததில்லை.

"உனக்கு என்ன தெரியும்? நீ வடக்கத்திக்காரி. உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

முப்பது வருஷமாக அவள் காதில் விழுந்த வார்த்தை அது. ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி விழுந்தது. கிர்ஸ்டன் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வெளுத்த புருவம் மட்டும் லேசாகத் துடித்தது.

ஐஸ் பெட்டியை ட்வைலா தரையில் போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டேன்.

"ஏண்ணே, அந்தப் பேரு யாரு வச்ச பேரு? நீ வச்சதா? அம்மா வச்சது. அம்மா மட்டும்தான் மதினியை அப்படிக் கூப்பிடலாம். நீ கூப்பிட்டா அது வேற. வாய மூடிக்க."

"நீ இதுல வராத ட்வைலா."

"வருவேன். அம்மா கைவலின்னு உக்காந்த நாள்ல இருந்து அந்தக் கம்போவுக்கு மாவு கிளறுனது யாருன்னு நெனச்ச? நீயா? நானா? பக்கத்துல நின்னு, 'இன்னும் கறுக்கணும், இன்னும் கறுக்கணும்'னு கத்துனதுதான் அம்மா. கை இவளுது."

டோய்ல் கிர்ஸ்டனைப் பார்த்தான். "அப்படியா?"

"அத்தை சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள் கிர்ஸ்டன். "வடக்கத்தி கிளறினதுன்னு தெரிஞ்சா ஊர்ல தலைகாட்ட முடியாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ட்வைலாவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டோய்ல் சிரிக்கவில்லை. ஆனால் "தப்பாச் சொல்லிட்டேன்" என்றான் மனைவியிடம். "தெறக்கலாம். நீயே தெற."

மூடியைத் திறந்ததும் குளிர்ந்த புகை எழுந்தது. நாலு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு பக்கம் கம்போ டப்பாக்கள், மறுபக்கம் மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளைப் பொட்டலங்களும் வேறு டப்பாக்களும். அந்தப் பக்கத்தில் இருந்தவற்றில் எல்லாம் வெர்னெலின் பெரிய கோணல் எழுத்து. 'ஈரல்.' 'ஈரல்.' 'ஈரல்.' 'பழைய ஈரல்.'

"இவ்வளவு ஈரலா?" என்றேன்.

"ஒண்ணுகூட ஈரல் இல்ல" என்றாள் கிர்ஸ்டன். "டோய்லுக்கு ஈரல்னா குமட்டும். நல்லதெல்லாம் அவன் எடுத்துத் தின்னுடக் கூடாதுன்னு அத்தை அப்படித்தான் எழுதுவாங்க."

டோய்ல் ஒரு பொட்டலத்தை எடுத்து முனையைக் கிழித்தான். உள்ளே பெரிய பெரிய இறால், தலை எடுத்து, சுத்தமாக. அடுத்ததில் நண்டுச் சதை. அதற்கடுத்ததில் பெக்கான் கொட்டை போட்ட இனிப்பு அடை.

"எத்தனை வருஷமா நான் இதைத் தெறந்து பாத்து, 'சே, ஈரல்தான் கெடக்கு'ன்னு மூடியிருப்பேன்!" என்றான். அவன் குரலில் ஜூலைக்குப் பிறகு முதல்முறையாக உயிர் இருந்தது.

ஒரு மூலையில் 'பீச் பழம்' என்று எழுதிய ஒரே ஒரு டப்பா இருந்தது. டோய்லுக்கு பீச் என்றால் உயிர். அதைத் தனியே எடுத்து, பாதி இளகியிருந்ததால் விரலால் மூடியை நெம்பித் திறந்தான். மூக்கருகே கொண்டுபோனவன் அலறிக்கொண்டு தூர நீட்டினான்.

ஈரல்.

அவ்வளவுதான். டோய்ல் ஃப்ரீசரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. கிர்ஸ்டன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ட்வைலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவி, பாவி! இவனுக்கு ஒருநாள் விவரம் தெரிஞ்சிரும்னு முன்கூட்டியே எழுதி வச்சிருக்கா!" என்று தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

பிறகு வேலை ஓடியது. இறால் வேகவைக்கிற பெரிய எரிவாயு அடுப்பைக் கொண்டுவந்தேன். துவான் இன்னொன்று கொண்டுவந்தார். முற்றத்தில் ஓக் மரத்து நிழலில் பலகைகளைப் போட்டு மேசை கட்டினோம். ட்வைலா இறாலைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் பழகிய கை, எதற்கும் அளவு பார்க்கவில்லை. கிர்ஸ்டன் மொச்சையைப் பன்றிக்கறித் துண்டோடு வேகப்போட்டாள். கம்போ டப்பாக்களைக் கடைசியில்தான் எடுத்தாள். ஒவ்வொன்றாகச் சட்டியில் கவிழ்க்க, கட்டியாக விழுந்தது. டோய்ல் பக்கத்திலேயே நின்று கரண்டியால் கிளறினான். வேறு யாரிடமும் கரண்டியைக் கொடுக்கவில்லை.

கொதி வந்ததும் துவான் ஒரு சொட்டு உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தார். தலையாட்டினார்.

"என் புட்டிதான்" என்றார்.

"என்ன புட்டி?" என்றாள் ட்வைலா.

"மீன்சாறு. எங்க வீட்டுல போடுறது. வருஷாவருஷம் மிஸ் வெர்னெலுக்கு ஒரு புட்டி கொடுப்பேன். கம்போவுல அதுதான் ஊத்துவாங்க."

"அம்மாவா? வெளிய இருந்து வந்த எதையும் சட்டியில விடமாட்டேன்னு சத்தியம் பண்ணவளாச்சே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'துவான், நீ உங்க நாட்டுல எந்தப் பக்கம்?'னாங்க. தெற்குன்னேன். 'அப்ப சேரும், ஊத்து'ன்னாங்க."

சாப்பிடத் தெருவே வந்தது. அவரவர் தட்டு, அவரவர் நாற்காலி. வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள், சாப்பிட்டுக்கொண்டே வெர்னெலைப் பற்றிப் பேசினார்கள். சாவு வீட்டில் சொல்லாமல் விட்ட கதைகளெல்லாம் இப்போது வந்தன. பாதிரியாரே ஒன்று சொன்னார். பிரசங்கம் நீளும்போதெல்லாம் வெர்னெல் முதல் வரிசையில் உட்கார்ந்து, சுருக்குப்பையைத் திறந்து, மிட்டாய்த் தாளைச் சரசரவென்று பிரிப்பாளாம். மூன்றாவது மிட்டாய்க்கு அவர் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் விநியோகம் தொடங்கிவிடும்.

வெயில் சாய்கிற நேரத்தில் தெருமுனையில் பெரிய வண்டிகள் இரண்டு வந்து நின்றன. ஏணி வைத்த மின்வாரிய வண்டிகள். வடக்கேயிருந்து புயல் வேலைக்கென்று இரவு பகலாக ஓட்டி வந்தவர்கள். காலையிலிருந்து அடுத்த தெருவில் மரம் அறுத்துக் கம்பி இழுத்துவிட்டு, எங்கள் கம்பத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆறேழு பேர், சட்டை உடம்போடு ஒட்டி, முகமெல்லாம் கொசுக்கடி. கைகளில் ஆறிப்போன சாண்ட்விச்.

டோய்ல் எழுந்து போனான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்த ஊரு வே நீங்க?"

நரைத்த தாடிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். லைல் என்று பேர் சொன்னார். "மினசோட்டா" என்றார்.

டோய்ல் அவரை மேலும் கீழும் பார்த்தான். இடுப்பில் கையை வைத்தான். அந்த நிற்பு யாருடையது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது.

"உங்க ஊர்ல இருந்து ஏற்கெனவே ஒண்ணு வந்து எங்க வீட்டுல இருக்கு. திருத்தவே முடியல. சரி, வந்தது வந்துட்டீங்க. அந்தச் சவத்துத் தின்பண்டத்தைத் தூரப் போட்டுட்டு வாங்க, உக்காருங்க."

கிர்ஸ்டன் ஒரு பெரிய கரண்டியை அவன்மேல் வீசுவது போல ஓங்கினாள். அவள் முகத்தில் சிரிப்பு.

அவர்களுக்குச் சோறு போட்டு, மேலே கம்போ ஊற்றினான் டோய்ல். சட்டியில் அடிவரைக்கும் வந்துவிட்டது. முதலில் அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்கள். பிறகு குனிந்த தலை நிமிரவில்லை. லைல் முதல் கிண்ணத்தை முடித்துவிட்டு இரண்டாவது வாங்கிக்கொண்டார்.

"யாரு சமைச்சது?" என்று கேட்டார்.

"எங்க அம்மா."

"அவங்களைப் பாத்து நன்றி சொல்லணுமே. உள்ள இருக்காங்களா?"

"ஜூலைல செத்துப்போனா" என்றான் டோய்ல். "அதுக்கு முன்னால செஞ்சு வச்சது. கடைசிச் சட்டி."

லைல் கிண்ணத்தை மேசையில் வைத்தார். கரண்டியையும் வைத்தார். தாடிக்குள் முகம் வெளுத்துப்போனது. "ஐயா, மன்னிச்சுக்கோங்க. தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன். இது உங்க வீட்டு ஆளுங்க சாப்பிட வேண்டியது."

டோய்ல் அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். கிண்ணத்தை மெதுவாக அவர் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடுங்க. ஆறிப்போனா எங்கம்மாவுக்குக் கோவம் வரும்."

லைல் கரண்டியை எடுத்தார். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல், அடியில் ஒட்டியதையும் வழித்துச் சாப்பிட்டார். முப்பது நாற்பது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

ட்வைலாவால் பொறுக்க முடியவில்லை. "எப்படியிருக்கு?"

லைல் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டி, "மோசமில்ல" என்றார்.

ட்வைலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். துவானின் பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "என்ன சொன்னாரு? மோசமில்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். டோய்லின் தாடை இறுகுவதை நான் பார்த்தேன்.

அப்போது கிர்ஸ்டன் சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"டோய்ல், ஐயோ டோய்ல், உனக்குப் புரியல" என்றாள் மூச்சு வாங்க. "எங்கப்பா சாகுறவரைக்கும் எங்கம்மா சமையலைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்க ஊர்ல அதுக்கு மேல புகழ்ச்சியே கிடையாது!"

லைல் காதுவரைக்கும் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். அவரோடு வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டோய்ல் ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தான். பிறகு எழுந்து போய், சட்டியைச் சாய்த்துப் பிடித்து, அடியில் மிச்சமிருந்ததைச் சுரண்டிச் சுரண்டி இரண்டு கிண்ணங்களில் ஊற்றினான். ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான். இன்னொன்றைக் கிர்ஸ்டன் கையில் கொடுத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.